கிளெம் மெக்கார்த்தி: குதிரைப் பந்தயத்தின் கரகரத்த குரல்

கிளெம் மெக்கார்த்தி (செப்டம்பர் 9, 1882 – ஜூன் 4, 1962) அமெரிக்க வானொலி வர்ணனையாளர், பந்தய மைதான அறிவிப்பாளர், குதிரைப் பந்தய இதழாளர். அமெரிக்காவின் பெரிய பந்தய மைதானம் ஒன்றில் ஒலிபெருக்கி வழியாகப் பந்தயத்தை வர்ணித்த முதல் மனிதர். 1938-ல் ஐந்து மாத இடைவெளிக்குள் நிகழ்ந்த இரண்டு பெரும் போட்டிகளை வானொலியில் நாட்டுக்குச் சொன்னவர். 1947-ல் ஒரு பந்தயத்தில் தோற்ற குதிரையை வென்றதாக அறிவித்ததற்காகவும் நினைக்கப்படுபவர். இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் சொல்லி அவரைக் கடந்துவிடுவது அமெரிக்க விளையாட்டு நூல்களில் ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. அது எப்படி நடந்தது என்பதைப் பார்க்க அவருடைய தொழில் என்ன என்பதிலிருந்து தொடங்கவேண்டும்.

பிறப்பு, இளமை

மெக்கார்த்தி நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். தந்தை குதிரை வணிகர், ஏலம் விடுபவர். இரண்டு தொழில்களும் மகனிடம் வந்து சேர்ந்தன. குதிரையின் நடையையும் உடற்கட்டையும் தூரத்திலிருந்தே அடையாளம் காணும் கண் ஒன்றிலிருந்து வந்தது. மூச்சு விடாமல், கூட்டத்தின் இரைச்சலுக்கு மேலே எழும்படி பேசும் தொண்டை மற்றதிலிருந்து வந்தது.

அவருடைய ஆசை ஜாக்கியாவது. உடல் அதற்கு இடம் தரவில்லை. வளர்ந்து பருத்துவிட்டார். ஜாக்கி ஆக முடியாதவர்கள் பலர் லாயத்தில் வேலைக்குச் சேர்வார்கள், சிலர் பயிற்சியாளர் ஆவார்கள். மெக்கார்த்தி எழுதப் போனார். கலிஃபோர்னியாவில் செய்தித்தாள்களுக்குப் பந்தயச் செய்திகள் எழுதத் தொடங்கி, பின்னர் குதிரைப் பந்தயத்துக்கென்றே வெளிவந்த 'டெய்லி ரேசிங் ஃபார்ம்', 'மார்னிங் டெலிகிராஃப்' ஆகிய நாளிதழ்களில் பணியாற்றினார். ஒவ்வொரு பந்தயத்திலும் எந்தக் குதிரை எந்தக் கட்டத்தில் எத்தனையாவது இடத்தில் இருந்தது, முன்னால் ஓடியதற்கும் அதற்கும் எத்தனை உடல்நீள இடைவெளி என்பதை அட்டவணையாக அச்சிடும் இதழ்கள் அவை. பைனாகுலரில் பார்ப்பவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போக, பக்கத்தில் இருப்பவர் எழுதிக்கொள்வார். அந்த உலகத்தில் பழகியவருக்கு வர்ணனை என்பது அந்த முணுமுணுப்பை உரக்கச் சொல்வதுதான்.

ஆர்லிங்டன் பார்க், 1927

அதற்கு முன் பந்தய மைதானத்தில் கூட்டம் எதைப் பார்த்தது என்பதைச் சொல்லவேண்டும். ஒரு மைல் சுற்றளவுள்ள ஓடுதளம். குதிரைகள் புறப்படும் இடம் பல நேரங்களில் கண்ணுக்கு எட்டாத தொலைவு. எதிர்ப்புறத்தில் ஓடும்போது ஒரு புழுதித் திரளும் அதற்குள் சில வண்ணப் புள்ளிகளும் மட்டுமே தெரியும். பணம் கட்டியவர் தன் குதிரை முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்று பக்கத்தில் பைனாகுலர் வைத்திருப்பவரைக் கேட்டுக்கொண்டிருப்பார். கடைசி நேர்ப்பாதைக்கு வந்த பிறகுதான் அவருக்குப் பந்தயமே தொடங்கும்.

சிகாகோ அருகே ஆர்லிங்டன் பார்க் மைதானம் 1927-ல் திறக்கப்பட்டபோது ஒலிபெருக்கி அமைப்பையும் நிறுவினார்கள். அதில் பேச மெக்கார்த்தியை அமர்த்தினார்கள். புதிய கருவிகளை முதலில் வாங்கிப் பார்க்கும் மைதானம் என்று ஆர்லிங்டனுக்குப் பின்னாளிலும் பெயர் இருந்தது. ஆனால் எந்தக் கருவியும் இந்த ஒலிபெருக்கி அளவுக்குப் பந்தயம் பார்க்கும் முறையை மாற்றியதாகத் தோன்றவில்லை. கேலரியின் கடைசி வரிசையில் நிற்பவருக்கும் முதல் நொடியிலிருந்து பந்தயம் கிடைத்தது.

ஒலிபெருக்கியிலிருந்து வானொலிக்கு ஒரே அடிதான். கென்டக்கி டெர்பி 1925-லேயே வானொலியில் ஒலித்திருந்தது. 1920களின் இறுதியில் என்.பி.சி. நிறுவனம் மெக்கார்த்தியைத் தன் பந்தயக் குரலாக ஆக்கிக்கொண்டது. "ரேசிங் ஃபேன்ஸ்" என்பதில் வரும் முதல் 'ர'வை நாக்கில் உருட்டி நீட்டித்தான் அவர் ஒலிபரப்பைத் தொடங்குவார். சரளைக் கற்களை உருட்டுவதுபோன்ற குரல். விஸ்கியில் ஊறிய குரல் என்று எழுதியவர்களும் உண்டு. அழகான குரல் அல்ல. அந்தக் காலத்து வானொலி அறிவிப்பாளர்கள் பலர் மேடைப் பாடகர்களைப்போல இழைத்துப் பேசியபோது, மைதானத்தில் நின்று கத்துபவர் எப்படிக் கத்துவாரோ அப்படியே மெக்கார்த்தி பேசினார். கேட்டவர்களுக்கு அது பிடித்திருந்தது.

வர்ணனையாளரின் வேலை

தமிழில் வர்ணனை என்றதும் கிரிக்கெட் நினைவுக்கு வரும். கிரிக்கெட்டில் ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் நடுவே பேச நேரம் இருக்கிறது, யோசிக்க நேரம் இருக்கிறது. டெர்பி ஒன்றேகால் மைல், பத்து ஃபர்லாங். ஏறத்தாழ இரண்டு நிமிடம். அதற்குள் பத்துப் பதினைந்து குதிரைகள். எண்ணைப் பார்த்துப் பெயர் சொல்ல முடியாது, சேறு தெறித்தால் எண் தெரியாது. ஜாக்கி அணியும் சட்டையின் வண்ணம்தான் துணை. ஒவ்வொரு உரிமையாளருக்கும் பதிவுசெய்யப்பட்ட வண்ணம் உண்டு. குதிரைகள் லாயத்திலிருந்து வெளிவந்து கூட்டத்தின் முன்னால் நடந்து செல்லும் அந்தச் சில நிமிடங்களில் வர்ணனையாளர் ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரு பெயரோடு பிணைத்து மனத்தில் ஏற்றிக்கொள்வார். பந்தயம் முடிந்ததும் அனைத்தையும் மறக்கவேண்டும். அடுத்த பந்தயத்தில் அதே வண்ணத்தில் வேறு குதிரை வரும்.

இதன் ஒன்றுவிட்ட சகோதரத் தொழில் ரோடியோ அறிவிப்பு. முரட்டுக் குதிரைமீதும் காளைமீதும் எட்டு நொடி அமர்ந்திருக்கவேண்டிய அந்த விளையாட்டில் அறிவிப்பாளரின் சிக்கல் நேர் எதிரானது. எட்டு நொடியில் சொல்ல ஒன்றுமில்லை, கூட்டமே பார்த்துவிடுகிறது. ஒரு வீரன் விழுந்து அடுத்தவன் கூண்டுக்குள் ஏறி உட்காரும் வரையுள்ள வெற்று நிமிடங்களை நிரப்புவதுதான் வேலை. வீரன் எந்த ஊர், எந்தக் காளையிடம் போன வாரம் விழுந்தான், நடுவர்கள் எதற்குப் புள்ளி தருவார்கள் என்று பேசிக்கொண்டே இருக்கவேண்டும். மெக்கார்த்தி பிறந்த அதே 1882-ல் பிறந்த ஃபாக்ஹார்ன் கிளான்சி இத்துறையின் முன்னோடி. ஃபாக்ஹார்ன் என்பது மூடுபனியில் கப்பல்களை எச்சரிக்கும் ஊதுகுழல். ஒலிவாங்கி வராத 1898-ல், டெக்சாஸின் சான் ஆஞ்சலோவில், தொண்டையை மட்டும் நம்பி அவர் இத்தொழிலைத் தொடங்கினார். அன்றைய அறிவிப்பாளர்கள் கையில் கூம்புக்குழலோடு குதிரையில் அமர்ந்து அரங்கைச் சுற்றிவந்து ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒருமுறை கத்தவேண்டியிருந்தது. ஒலிபெருக்கி வந்தபின் சை டெய்லன் (1907–1980) கோட்டும் சூட்டுமாக நின்று, ரோடியோ வீரர்களை நாடோடிக் கூட்டமாக அல்லாமல் தொழில்முறை விளையாட்டு வீரர்களாக அறிமுகப்படுத்தினார். ரோடியோவுக்கும் ஒரு கிளெம் உண்டு. ஒக்லஹோமாவின் கிளெம் மெக்ஸ்பேடன் (1925–2008) தேசிய இறுதிச்சுற்று ரோடியோவின் அறிவிப்பாளராகவும் பொது மேலாளராகவும் இருந்தார், மாநில செனட்டிலும் பணியாற்றினார், 1973 முதல் 1975 வரை அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையிலும் அமர்ந்தார். வாய்ச்சாமர்த்தியம் வாக்காக மாறுவது எல்லா நாட்டிலும் நடப்பதுதான்.

ரோடியோ அறிவிப்பாளர் தவறாகச் சொன்னால் கூட்டம் சிரிக்கும். கண்ணெதிரே நடப்பதை அது பார்த்துக்கொண்டிருக்கிறது. வானொலியில் பந்தயம் சொல்பவருக்கு அந்தக் காப்பு இல்லை. கேட்பவருக்கு அவர் சொல்வதைத் தவிர வேறு பந்தயமே கிடையாது.

1938

ஜூன் 22, 1938 அன்று நியூயார்க் யாங்கி மைதானத்தில் ஜோ லூயிஸ், மாக்ஸ் ஷ்மெலிங் இருவரும் குத்துச்சண்டை மேடையேறினர். 1936-ல் ஷ்மெலிங் பன்னிரண்டாவது சுற்றில் லூயிஸை வீழ்த்தியிருந்தார். இப்போது லூயிஸ் உலகச் சாம்பியன். எதிரே நிற்பவர் நாஜி ஜெர்மனியின் பெருமையாகக் காட்டப்பட்டவர், அவர் அந்தக் கட்சியின் உறுப்பினர் இல்லை என்றபோதும். கறுப்பினத்தவர் பல இடங்களில் வெள்ளையரோடு ஒரே மேசையில் உணவருந்த முடியாத அமெரிக்கா, ஒரு கறுப்பின வீரரைத் தன் பிரதிநிதியாக ஏற்றுக்கொண்ட இரவு அது. மைதானத்தில் சுமார் 70,000 பேர். வானொலியில் கேட்டவர்கள் ஏழு கோடி என்று மதிப்பிடுகிறார்கள்.

சண்டை 124 நொடிகளில் முடிந்தது. மெக்கார்த்தி ஒரு குத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த இரண்டு விழுந்தன. ஷ்மெலிங் மூன்று முறை தரையில் சாய்ந்தார். ஒலிப்பதிவில் கேட்டால் வர்ணனை பின்தங்கி ஓடிவருவதும், வலது கை, இடது கை என்று சொற்கள் உடைந்து தெறிப்பதும், பிறகு எண்ணத் தொடங்குவதும் கேட்கிறது. தேர்ந்த வர்ணனை என்று அதைச் சொல்ல முடியாது. ஆனால் வேறெந்த விதமாகச் சொல்லியிருந்தாலும் அந்த இரண்டு நிமிடத்தின் வேகம் கேட்பவருக்குச் சென்றிருக்காது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் இந்த ஒலிபரப்பைத் தேசிய ஒலிப்பதிவுப் பதிவேட்டில் சேர்த்துப் பாதுகாக்கிறது.

அதே ஆண்டு நவம்பர் 1. பால்டிமோர் நகரின் பிம்லிகோ மைதானத்தில் இரண்டே குதிரைகள் மோதின. வார் அட்மிரல் 1937-ல் டெர்பி, பிரீக்னெஸ், பெல்மான்ட் மூன்றையும் வென்றிருந்தது. புகழ்பெற்ற மேன் ஓ வார் குதிரையின் மகன். சீபிஸ்கட் அதே மேன் ஓ வாரின் பேரன். குள்ளம், வளைந்த முழங்கால், இளவயதில் மலிவான பந்தயங்களில் ஓடித் தோற்ற குதிரை. டாம் ஸ்மித் என்ற அதிகம் பேசாத பயிற்சியாளர் கைக்கு வந்தபின் மேற்குக் கடற்கரையின் செல்லப்பிள்ளையானது. வார் அட்மிரலின் உரிமையாளர் சாமுவேல் ரிடில் புறப்பாட்டுக் கூண்டு கூடாது என்று நிபந்தனை விதித்தார். தன் குதிரை கூண்டில் பொறுமையிழக்கும் என்பது காரணம். குதிரைகள் நடந்துவந்து மணியோசைக்குப் பாயவேண்டும். அப்படிப் புறப்படுவதில் வார் அட்மிரலுக்கே சாதகம் என்று எல்லோரும் நினைத்தனர். ஸ்மித் தன் குதிரையை மணியோசைக்குப் பாயப் பழக்கினார்.

சுமார் 40,000 பேர் நெருக்கியடித்தனர். ஓடுதளத்தின் உட்புறப் புல்வெளியிலும் கூட்டம். பந்தயத்தை வர்ணிக்கவேண்டிய மெக்கார்த்தி அந்த நெரிசலில் மாட்டிக்கொண்டார். வர்ணனை அறைக்குத் திரும்ப வழியில்லை. நாடெங்கும் ஏறத்தாழ நான்கு கோடிப் பேர் வானொலி முன் காத்திருந்தார்கள். குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டும் ஆலோசகர்களைக் காக்கவைத்துவிட்டுக் கேட்டார் என்று சொல்வார்கள். மெக்கார்த்தி ஓடுதளத்தின் வெளிப்புறத் தடுப்புக்கம்பி மீது ஏறி நின்றுகொண்டு அங்கிருந்தே வர்ணித்தார்.

இருமுறை தவறிய புறப்பாட்டுக்குப் பிறகு சீபிஸ்கட் முதல் பாய்ச்சலிலேயே முன்னே சென்றது. வழக்கமாக அதன்மேல் அமரும் ரெட் போலார்ட் காலொடிந்து கிடந்ததால் அன்று ஜார்ஜ் வுல்ஃப் ஏறியிருந்தார். எதிர்ப்புறத்தில் வார் அட்மிரலை நெருங்க விடு, அதன் கண்ணை உன் குதிரை பார்க்கட்டும் என்று போலார்ட் சொல்லி அனுப்பியிருந்தார். அப்படியே நடந்தது. இரண்டும் தோளோடு தோள் ஓடின. கடைசி நேர்ப்பாதையில் சீபிஸ்கட் விலகிச் சென்று நான்கு உடல்நீள இடைவெளியில் வென்றது. ஒன்பதரை ஃபர்லாங், 1 நிமிடம் 56.6 நொடி, மைதானத்தின் புதிய சாதனை. மெக்கார்த்தியின் குரல் கட்டுமீறிப் போவது பதிவில் கேட்கும்.

கம்பியின் மேலிருந்து ஒரு பந்தயத்தைச் சரியாகச் சொல்ல முடிந்தது என்றால் அதற்கு ஒரு காரணம் உண்டு. ஓடியவை இரண்டே குதிரைகள். ஒன்றன் ஜாக்கிக்குச் சிவப்பும் வெள்ளையும், மற்றதற்குக் கறுப்பும் மஞ்சளும். எங்கிருந்து பார்த்தாலும் குழப்பமில்லை.

பிரீக்னெஸ், மே 10, 1947

ஒன்பது ஆண்டுகள் கழித்து அதே பிம்லிகோ, அதே ஒன்பதரை ஃபர்லாங். ஒரு வாரம் முன்பு கென்டக்கி டெர்பியை ஜெட் பைலட் என்ற குதிரை மயிரிழையில் வென்றிருந்தது. அழகுசாதனத் தொழிலதிபர் எலிசபெத் ஆர்டனின் குதிரை அது. அதன் பயிற்சியாளர் சீபிஸ்கட்டை வளர்த்த அதே டாம் ஸ்மித். 1946-ல் ஆர்லிங்டன் பார்க் லாயத்தில் பற்றிய தீயில் ஆர்டனின் இருபதுக்கும் மேற்பட்ட குதிரைகள் மாண்டபோது, டெர்பி நடக்கும் சர்ச்சில் டவுன்ஸ் மைதானத்துக்கு முன்னதாகவே அனுப்பப்பட்டிருந்ததால் தப்பியது ஜெட் பைலட். மெக்கார்த்தி முதன்முதல் ஒலிபெருக்கியில் பேசிய அதே மைதானத்தில்தான் அந்தத் தீ. எனவே பிரீக்னெஸில் ஜெட் பைலட் வெல்லவேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் பலர். கதை அப்படி அமைந்திருந்தது.

ஜெட் பைலட்டின் ஜாக்கி அணிந்தது ஆர்டன் பண்ணையின் இளஞ்சிவப்பு. கலுமெட் பண்ணையின் குதிரைக்குச் சிவப்பு. இரண்டும் ஒரே நிறக் குடும்பம், இரண்டிலும் நீலமும் கலந்திருந்தது. குதிரைகள் தொலைதூரத் திருப்பத்தை நெருங்கியபோது, மேடையொன்றின்மீது ஏறி நின்ற கூட்டம் மெக்கார்த்தியின் பார்வையைச் சில நொடிகள் மறைத்தது. அந்த நொடிகளில் குதிரைகள் இடம் மாறின. கூட்டத்தைத் தாண்டி மீண்டும் தெரிந்த சிவப்பை அவர் ஜெட் பைலட் என்று எடுத்துக்கொண்டார். நேர்ப்பாதை முழுக்க அந்தப் பெயரையே சொல்லி, அதுவே வென்றதாகவும் அறிவித்தார். வென்றது கலுமெட்டின் குதிரை. ஜெட் பைலட் நான்காவதாக வந்தது. வென்ற குதிரையின் பெயர் ஃபால்ட்லெஸ், அதாவது பிழையில்லாதது. புனைகதையில் எழுதினால் மிகை என்று வெட்டிவிடுவார்கள்.

அடுத்து அவர் செய்தது முக்கியமானது. தவறு தெரிந்ததும் அதே ஒலிபரப்பில், பெரும் தவறு செய்துவிட்டேன் என்று சொல்லித் திருத்தினார். கூட்டம் மறைத்ததை விளக்கினார். பேப் ரூத்தே ஒருமுறை ஸ்ட்ரைக் அவுட் ஆனவர்தானே, அந்தப் பெரியவர்கள் வரிசையில் நானும் சேர்ந்துகொள்கிறேன் என்ற பொருளில் ஒரு நகைச்சுவையும் சொன்னார். பேஸ்பாலின் மிகப்பெரிய மட்டையாளரைத் துணைக்கு அழைத்தது அவருக்கு உதவியது. ஆனால் நாளிதழ்கள் விடவில்லை.

இதையொட்டி ஒரு கதை உலவுகிறது. பில் ஸ்டெர்ன் என்ற இன்னொரு புகழ்பெற்ற வர்ணனையாளர் அமெரிக்கக் கால்பந்தில் பந்தைத் தூக்கி ஓடுபவரின் பெயரைத் தவறாகச் சொல்லிவிட்டால், கோட்டை அடையும் முன் அவர் பந்தைப் பக்கத்தில் ஓடும் சரியான ஆளிடம் தள்ளிவிட்டதாக இல்லாத ஒன்றைச் சேர்த்துச் சமாளித்துவிடுவாராம். வானொலியில் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த ஸ்டெர்ன் மெக்கார்த்தியின் பிழையைக் குறைகூற, "குதிரையைப் பக்கத்தில் தள்ளிவிட முடியாதே, பில்" என்று மெக்கார்த்தி பதில் சொன்னதாகக் கதை. சொன்னவர் யார், எப்போது என்பது சொல்பவருக்குச் சொல்பவர் மாறுகிறது. இருவருடைய பிழைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், வரலாறு நினைவில் வைத்துக்கொண்டது ஒத்துக்கொண்டவரின் பிழையைத்தான். இது நியாயமாகத் தெரியவில்லை. 1938-ல் அவரைக் கம்பியின் மேல் ஏற்றிய அதே கூட்ட நெரிசல்தான் 1947-ல் கண்ணை மறைத்தது. வர்ணனையாளருக்கு மறைப்பில்லாத உயரமான இடம் வேண்டும் என்பது தொழிலின் அடிப்படைத் தேவை. அதை உறுதிசெய்வது மைதானத்தின் பொறுப்பு.

பிற்காலம்

இந்தப் பிழைக்குப் பிறகும் மெக்கார்த்தி தொழிலில் நீடித்தார். ஆனால் காலம் மாறிக்கொண்டிருந்தது. 1952-ல் கென்டக்கி டெர்பி நாடு முழுவதும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. படம் கண்ணெதிரே ஓடும்போது வர்ணனையாளர் பெயர்களை எடுத்துக்கொடுப்பவர் மட்டுமே. சொல்லால் பந்தயத்தை உண்டாக்கவேண்டிய தேவை போய்விட்டது. கூடவே, தவறான குதிரையைச் சொல்லி நாட்டையே நம்பவைக்கும் வாய்ப்பும் போய்விட்டது.

பந்தயங்களுக்கு வெளியே பாத்தே நிறுவனத்தின் செய்திப் படங்களுக்கும் அவர் குரல் கொடுத்தார். திரையரங்குகளில் படம் தொடங்கும் முன் காட்டப்பட்ட அந்தச் சுருள்கள் வழியாக, குதிரைப் பந்தயமே பார்த்திராத பலருக்கும் அவர் குரல் தெரிந்திருந்தது.

1957-ல் ஒரு கார் விபத்தில் அவர் பலத்த காயமடைந்தார். ஜூன் 4, 1962 அன்று, எழுபத்தொன்பதாம் வயதில் மறைந்தார். 1970-ல் அமெரிக்காவின் தேசிய விளையாட்டு வர்ணனையாளர், விளையாட்டு எழுத்தாளர் மன்றத்தின் புகழ்க்கூடத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

2001-ல் லாரா ஹில்லன்பிராண்ட் எழுதிய சீபிஸ்கட் வரலாற்று நூலும், அதைத் தழுவி 2003-ல் வந்த திரைப்படமும் 1938 பந்தயத்தைப் புதிய தலைமுறைக்குக் கொண்டுசென்றன. படத்தில் வரும் வானொலி அறிவிப்பாளர் கற்பனைப் பாத்திரம். தடுப்புக்கம்பி மீது நின்று வர்ணித்தவரின் குரலைக் கேட்கவேண்டுமென்றால் அன்றைய ஒலிப்பதிவுக்குத்தான் போகவேண்டும். அது இன்றும் கிடைக்கிறது.